குழந்தையைக் கேட்டோம், நஞ்சுக்கொடியைக் கேட்கவில்லை

முதல் கர்ப்பத்தின் 11-வது வாரத்தில் என்.ஐ.பி.டி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். டவுன் சிண்ட்ரோம் மாதிரியான குரோமோசோம் கோளாறுகள் குழந்தைக்கு இருக்க வாய்ப்புண்டா என்று தாயின் ரத்தத்தை வைத்தே பார்க்கும் பரிசோதனை அது. 10 நாள் கழித்து வந்த தாளில் வாய்ப்பு அதிகம் என்றும் இல்லை, குறைவு என்றும் இல்லை. கருவின் டி.என்.ஏ. போதுமான அளவு கிடைக்கவில்லை, மறுபடி ரத்தம் அனுப்பவும் என்று ஒரே ஒரு வரி. 13-வது வாரத்தில் மறுபடி கொடுத்தேன். இந்த முறை முடிவு வந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அன்று இரவு நானும் என் கணவரும் நிம்மதியாகத் தூங்கினோம். முதல் தாளை ஃபைலின் அடியில் செருகி வைத்தேன். அதன்பின் அதை நினைக்கவே இல்லை.

மகள் 33-வது வாரத்தில், 1,480 கிராம் எடையில் பிறந்தாள். எனக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய். அவள் இன்குபேட்டரில் இருந்த நாட்களில்தான் அந்தத் தாளை எடுத்து மறுபடி படித்தேன்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இரண்டு கர்ப்பங்களைக் கடந்து வந்தவள், அந்த இடைவெளியில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவள், பார்த்த டாக்டர்களிடமெல்லாம் கேள்வி கேட்டவள். முதல் கர்ப்பத்தின்போது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இன்றும் நான் நினைப்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையின் பக்கத்திலிருந்து வருபவை இரண்டு விதம். ஒன்று, முழுச் செல்கள். இவை மிக அரிது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் நம்முடைய சிவப்பணுக்கள் மட்டும் 400, 500 கோடி இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் குழந்தையின் செல்களைக் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். 1969-ல், ஆண் குழந்தையைச் சுமந்த பெண்களின் ரத்தத்தில் ஒய் குரோமோசோம் உள்ள செல்கள் இருப்பதைக் கண்டார்கள். அவற்றைப் பிரித்தெடுத்துப் பரிசோதனைக்குப் பயன்படுத்தப் பல ஆய்வகங்கள் வருடக்கணக்கில் போராடின. 1997-ல் டென்னிஸ் லோ என்ற விஞ்ஞானி வேறு இடத்தில் தேடினார். புற்றுநோய்க் கட்டியின் டி.என்.ஏ. நோயாளியின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், மிதக்கிறது என்று அதற்கு முந்தைய வருடம்தான் ஆய்வுகள் வந்திருந்தன. கட்டி உதிர்க்கிறது என்றால் வயிற்றில் வளரும் கருவும் உதிர்க்காதா என்பது அவருடைய யோசனை. செல்களைத் தேடியவர்கள் ஒதுக்கிவிட்ட பிளாஸ்மாவில் பார்த்தார். குழந்தையின் டி.என்.ஏ. அங்கே இருந்தது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத அளவில். 2011-லிருந்து அது கர்ப்பிணிகளுக்கான பரிசோதனையாக நடைமுறைக்கு வந்தது. இதுதான் இரண்டாவது விதம், செல்லுக்கு வெளியே மிதக்கும் டி.என்.ஏ.

எனக்கு அப்போது யாரும் சொல்லாதது இது: ‘குழந்தையின் டி.என்.ஏ.’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது. கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு உணவும் ஆக்சிஜனும் தரும் உறுப்பு அது (பிளசென்டா). நஞ்சுக்கொடியின் மேற்பரப்புச் செல்கள் தினமும் மூப்படைந்து உதிர்கின்றன, புதியவை அந்த இடத்துக்கு வருகின்றன. உதிர்ந்தவற்றின் துணுக்குகள் தாயின் ரத்தத்தில் நேராகக் கலக்கின்றன. 10 வாரம் தாண்டிய கர்ப்பத்தில், பிளாஸ்மாவில் மிதக்கும் டி.என்.ஏ.யில் சுமார் 10 சதவீதம் இப்படி வந்ததாக இருக்கும். 4 சதவீதத்துக்குக் கீழே போனால் பல ஆய்வகங்கள் முடிவு தருவதில்லை. பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிட்டால், ஓரிரு நாளில் அந்த டி.என்.ஏ. ரத்தத்திலிருந்து மறைந்துவிடுகிறது.

ஆக, அந்த 11-வது வாரத் தாள் நஞ்சுக்கொடியைப் பற்றியும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த டி.என்.ஏ.யின் பங்கு குறைவாக வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. சீக்கிரமே ரத்தம் எடுத்திருக்கலாம், தாயின் எடை அதிகமாக இருக்கலாம், சில குரோமோசோம் கோளாறுகளிலும் குறையும். முதல் முறை முடிவு வராத பெண்களில் பெரும்பாலோருக்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகவே போகிறது. ஆனால் நஞ்சுக்கொடி சிறியதாக அமைந்துவிடுவதும் ஒரு காரணம். பிற்பாடு ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தவர்களிடம் இந்தப் பங்கு சற்றுக் குறைவாக இருந்ததாகக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. ‘ஏன் குறைந்தது? நஞ்சுக்கொடியைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டுமா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் கேட்டதெல்லாம் ‘குழந்தை நன்றாக இருக்கிறதா’ என்பது மட்டும்தான்.

எல்லோரும் அதைத்தான் கேட்கிறோம். ஸ்கேனுக்குப் போனால் முகம் தெரிகிறதா, கை தெரிகிறதா என்று பார்க்கிறோம். நஞ்சுக்கொடி திரையின் ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டையாகக் கிடக்கிறது, அதன் மேல் யாருடைய கண்ணும் போவதில்லை. பலர் அதையும் தொப்புள்கொடியையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். தமிழில் அதற்கு வாய்த்த பெயரும் எனக்கு வருத்தம்தான். நஞ்சு என்று சொன்னதும் கழித்து எறிய வேண்டிய ஒன்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஒன்பது மாதமும் குழந்தைக்கு நுரையீரல், சிறுநீரகம், குடல் எல்லாமாக இருந்தது அந்த நஞ்சுதான்.

எனக்கு ரத்த வகை ஓ நெகட்டிவ். 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட்டார்கள். எதற்கு என்று கேட்டபோது நர்ஸ் சொன்னார்: “குழந்தையோட ரத்தம் கொஞ்சம் உங்க ரத்தத்துல கலந்துட்டா, உங்க உடம்பு அதை எதிரின்னு நினைச்சுக்கும்மா. அதுக்குத்தான்.” இரண்டு ரத்தமும் தனித்தனி, கலக்கவே கலக்காது என்று பள்ளியில் படித்திருந்தேன். அது பெரும்பாலும் உண்மைதான். தாயின் ரத்தம் நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சிகளைச் சுற்றி ஓடுகிறது, குழந்தையின் ரத்தம் அந்த நீட்சிகளுக்குள்ளே ஓடுகிறது, நடுவில் மெல்லிய சுவர். ஆனால் அந்தச் சுவரில் அங்கங்கே சின்னக் கசிவு எல்லாக் கர்ப்பத்திலும் உண்டு. பிரசவ நேரத்தில் அது கூடும். குழந்தையின் ரத்த வகை பாசிட்டிவாக (ஆர்ஹெச் பாசிட்டிவ்) இருந்து, கசிந்த செல்களைப் பார்த்துத் தாயின் உடம்பு எதிர்ப்பொருள் தயாரித்துவிட்டால், அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அது அழிக்கும். அதைத் தடுக்கத்தான் ஊசி. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி.

எவ்வளவு கசிந்தது என்று எண்ணிப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. 1957-ல் வந்த க்ளைஹவர் பரிசோதனை. கண்ணாடித் தகட்டில் தாயின் ரத்தத்தைப் பூசி அமிலத்தில் நனைப்பார்கள். பெரியவர்களின் ஹீமோகுளோபின் கரைந்து வெளியேறிவிடும், குழந்தையின் ஹீமோகுளோபின் தாங்கி நிற்கும். பிறகு சாயம் ஏற்றினால் தாயின் செல்கள் வெளிறிய நிழலாகவும், நடுவே குழந்தையின் செல்கள் இளஞ்சிவப்பாகவும் தெரியும். வழக்கமான 300 மைக்ரோகிராம் ஊசி சுமார் 30 மில்லிலிட்டர் குழந்தை ரத்தத்துக்குப் போதும். அதைவிட அதிகம் கசிந்திருந்தால் கூடுதல் ஊசி வேண்டும்.

நெகட்டிவ் ரத்த வகைக்காரர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிரசவத்துக்கு மட்டும் இந்த ஊசி என்று இருந்துவிடாதீர்கள். கருச்சிதைவு, ரத்தப்போக்கு, வயிற்றில் அடி, விழுந்துவிட்டது, பனிக்குட நீர் எடுத்துச் செய்யும் பரிசோதனை, எதுவாக இருந்தாலும் அன்றே டாக்டரிடம் ‘நான் நெகட்டிவ், எனக்கு ஊசி வேண்டுமா’ என்று கேளுங்கள். அங்கே இருப்பவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

சரி, என் 30-வது வாரத்துக்கு வருகிறேன்.

அன்று வழக்கமான பார்வைக்குப் போனேன். பிரஷர் 138/88. அதுவரை 110/70-ஐத் தாண்டியதில்லை. “படி ஏறி வந்தீங்கல்ல, அதான்” என்றார்கள். மறுபடி பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை. 140/90 தான் எல்லைக்கோடு, அதற்குக் கீழேதான் இருக்கிறது என்று எல்லோரும் திருப்திப்பட்டோம். என்னுடைய வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. அந்த வாரத்தில் மோதிரம் இறுகியது. முகம் உப்பியிருந்தது. “கர்ப்பத்துல வீக்கம் சகஜம்டி” என்றாள் அம்மா. காலில் வரும் வீக்கம் சகஜம்தான். முகத்திலும் கையிலும் திடீரென்று வருவது வேறு என்று இருவருக்கும் தெரியாது.

31-வது வாரத்தில் தலைவலி தொடங்கியது. பாராசிட்டமால் போட்டும் அடங்கவில்லை. இரண்டாம் நாள் மாலை கண்ணுக்கு முன்னால் மின்மினி மாதிரி பொட்டுப் பொட்டாக வெளிச்சம். வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு வலி இருந்தது, வாயு என்று நினைத்துக்கொண்டேன். அது கல்லீரல் இருக்கும் இடம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரஷர் 156/104, சிறுநீரில் புரோட்டீன். ஸ்கேனில் குழந்தையின் அளவு 28 வாரத்துக்குத்தான் இருந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடி ரத்தக்குழாயில் தடை அதிகமாகத் தெரிந்தது. அதாவது, குழந்தையின் இதயம் நஞ்சுக்கொடிக்குள் ரத்தத்தைத் தள்ளச் சிரமப்படுகிறது.

குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசி. 1972-ல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் நிரூபித்த சிகிச்சை அது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதை அது வெகுவாகக் குறைத்தது. என் மகள் சுவாசக் கருவியில் இரண்டே நாள்தான் இருந்தாள் என்றால் அந்த ஊசிகளுக்கு அதில் பங்குண்டு. 33-வது வாரத்தில் பிரஷர் 170-ஐத் தொட்டது, பிளேட்லெட் இறங்கத் தொடங்கியது. வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். அது ஏறும்போது உடம்பெல்லாம் அனல் பரவும், நாக்கு தடித்த மாதிரி இருக்கும். பயந்துவிடாதீர்கள், அது மருந்தின் இயல்பு. 2002-ல் வெளியான, சுமார் 10,000 பெண்கள் பங்கேற்ற ஒரு பெரிய ஆய்வில் அந்த மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது. அப்புறம் சிசேரியன்.

மறுநாள் வந்த டாக்டர் குழந்தையைப் பற்றிப் பேசிவிட்டு, “நஞ்சு ரொம்பச் சின்னதும்மா. 240 கிராம்தான். அதுலயும் அங்கங்க வெள்ளையா செத்துப்போன திட்டு” என்றார். நிறைமாத நஞ்சுக்கொடி சுமார் 500 கிராம் இருக்கும். அதை நோயியல் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். என் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் விடை அந்த எண்தான்.

என்ன நடந்தது என்று பிறகு புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கருப்பைச் சுவரில் சுருள் சுருளாகக் குறுகிய ரத்தக்குழாய்கள் உண்டு. கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் புகுந்து, தசைச் சுவரைக் கரைத்து, அகலமான வாய்களாக மாற்றுகின்றன. சுருங்கவே முடியாத, தாராளமாகத் திறந்த வாய்கள். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 600, 700 மில்லிலிட்டர் ரத்தம் கருப்பைக்குப் போக இதுதான் வழி. இந்த வேலை அரைகுறையாக நின்றுவிட்டால், ரத்தம் குறைவாகவும் குறுகிய வாயிலிருந்து பீய்ச்சிக்கொண்டும் வரும். நஞ்சுக்கொடி காயப்படும், பட்டினி கிடக்கும். அப்போது அது தாயின் ரத்தத்துக்குள் சில புரதங்களைக் கூடுதலாக வெளியிடுகிறது. அவற்றில் முக்கியமானது எஸ்.எஃப்.எல்.டி.-1. தாயின் ரத்தக்குழாய்களின் உட்பூச்சை நல்ல நிலையில் வைத்திருக்கும் காரணிகளை அது பிடித்து முடக்கிவிடுகிறது. விளைவு, பிரஷர் ஏறும், சிறுநீரகம் கசியும், கல்லீரல் வீங்கும், மூளை எரிச்சலடையும். ஆனந்த் கருமாஞ்சி என்ற சிறுநீரக மருத்துவரின் குழு 2003-ல் இதை வெளியிட்டது.

இதையெல்லாம் படித்த நாட்களில் ஒரு தகவல் என்னை உலுக்கிவிட்டது. தாயின் உடலுக்குள் குழந்தையின் பக்கத்துச் செல்கள் போகின்றன என்பதை முதலில் கண்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் ஷ்மோர்ல் என்ற நோயியல் மருத்துவர். ஆண்டு 1893. ப்ரீ-எக்லாம்ப்சியா முற்றினால் வரும் பிரசவக்கால வலிப்பால் இறந்துபோன பெண்களின் உடல்களை அவர் பரிசோதித்தார். அவர்களுடைய நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் நஞ்சுக்கொடியின் பெரிய செல்கள் சிக்கியிருந்தன. நல்ல கர்ப்பத்திலும் நஞ்சுக்கொடி உதிர்க்கிறது. ஆரம்பத்தில் சிறியதாக இருந்து குறைவாக உதிர்த்த நஞ்சுக்கொடியும், நோய் வந்த பிறகு இன்னும் அதிகமாக உதிர்க்கிறது. ப்ரீ-எக்லாம்ப்சியா உள்ள தாய்மாரின் ரத்தத்தில் குழந்தையின் செல்களும் டி.என்.ஏ.யும் கூடுதலாக இருப்பதை 1990-களின் கடைசியில் உறுதி செய்தார்கள். இப்போது அழகான அதிசயமாகப் பேசப்படும் இந்தச் செய்தி, எனக்கு வந்த அதே நோயில் உயிரை விட்ட பெண்களிடமிருந்துதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. என்ஐசியூ (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசலில் பால் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரு இரவில் இதைப் படித்தேன். பெயர் தெரியாத அந்தப் பெண்களை நினைத்து அழுதேன்.

இனி, கையில் எடுத்துச் செய்யக்கூடியவை. முதலாவது பிரஷர். வீட்டில் ஒரு கருவி வாங்கி வையுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சரிபார்க்கப்பட்ட கருவியா என்று கேட்டு, மேல்கையில் கட்டுவதாகப் பார்த்து, கையின் சுற்றளவுக்கு ஏற்ற பட்டையாக வாங்குங்கள். பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கை இதய மட்டத்தில் இருக்க, பேசாமல் பார்க்க வேண்டும். எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரியில் படியேறி வந்ததும் எடுத்தால், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் அதே அளவு வந்தால் படியைக் காரணம் சொல்ல முடியாது. 140/90 வந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். 160/110 வந்தால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, நேராக ஆஸ்பத்திரிதான்.

அடங்காத தலைவலி, கண்ணில் பொறி, வலது விலாவுக்குக் கீழே வலி, முகம் கை திடீர் வீக்கம், மூச்சுத் திணறல். 20 வாரத்துக்குப் பிறகு இதில் எது வந்தாலும் போய்க் காட்டிவிட வேண்டும். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் நல்லதுதான். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே பிரஷர் ஏறும் என்பதால் அளந்து பார்ப்பதை விடக் கூடாது.

குழந்தையின் அசைவு இன்னொன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு போக்கு உண்டு. 28 வாரத்துக்குள் அது உங்களுக்குப் பழகிவிடும். வழக்கத்தைவிடக் குறைந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். பட்டினியில் இருக்கும் நஞ்சுக்கொடியோடு வாழும் குழந்தை சக்தியை மிச்சம் பிடிக்கிறது, முதலில் அசைவைக் குறைக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் மல்லாந்து படுத்துத் தூங்கப் போகாமல் பக்கவாட்டில் படுப்பதும் ரத்த ஓட்டத்துக்கு நல்லது. நடு இரவில் விழித்துப் பார்த்து மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், மறுபடி திரும்பிப் படுத்தால் போதும். புகை நஞ்சுக்கொடிக்கு நேரடி எதிரி. பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் சேர்த்துத்தான்.

ஸ்கேனில் கேட்க வேண்டியதை நான் இப்போது மனப்பாடமாக வைத்திருக்கிறேன். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, கருப்பை வாயை மறைக்கிறதா? முந்தைய சிசேரியன் தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா? தொப்புள்கொடி நடுவில் சேர்கிறதா, ஓரத்திலா? குழந்தை போன ஸ்கேனிலிருந்து வளர்ச்சி வரைபடத்தில் தன் கோட்டிலேயே வளர்கிறதா, கீழே இறங்குகிறதா? கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஸ்கேன் செய்தவர் ஒருவர், “இதையெல்லாம் கேக்கிறவங்க ரொம்பக் கம்மி” என்று சொல்லி, திரையைத் திருப்பி நிதானமாகக் காட்டினார்.

மூன்று வருடம் கழித்து இரண்டாவது கர்ப்பம். முதல் முறை ப்ரீ-எக்லாம்ப்சியாவால் 28 முதல் 34 வாரத்துக்குள் பிரசவமானவர்களுக்கு அது மறுபடி வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்றார் டாக்டர். கேட்டதும் கை கால் நடுங்கியது. திரும்பி வரும் வழியில் என் கணவர்தான் மீதி இரண்டு பங்கை நினைவுபடுத்தினார்.

பழைய ஃபைலை முழுவதுமாக எடுத்துப் போயிருந்தேன். நஞ்சுக்கொடியின் நோயியல் அறிக்கை அதில் இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் டாக்டர் திட்டம் போட்டார். உங்களுக்கும் முதல் பிரசவம் சிக்கலாகியிருந்தால் அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிறந்த அன்று யாருக்கும் அது நினைவிருக்காது, பிறகு கிடைப்பது கடினம்.

12-வது வாரத்தில் தினமும் இரவு ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் தொடங்கினார். 2017-ல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 1,600-க்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு இந்த அளவில் ஆஸ்பிரினும் மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் அளவுக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தவர்கள், வெறும் மாத்திரைக் குழுவில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் குழுவில் 1.6 சதவீதம். ரத்தக்குழாய்கள் அகலப்படும் காலத்திலேயே கிடைத்தால்தான் பலன் என்பதால் 16 வாரத்துக்கு முன் தொடங்க வேண்டும். 36 வாரம் வரை போட்டேன். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை, சிலருக்குக் கூடாது. ஆனால் முன்பு ப்ரீ-எக்லாம்ப்சியா, இரட்டைக் குழந்தை, சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை, ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு என்று ஏதாவது இருந்தால், முதல் மூன்று மாதத்திலேயே ‘எனக்கு இது வேண்டுமா’ என்று கேளுங்கள். 20-வது வாரத்தில் கேட்டால் காலம் கடந்துவிடும்.

32-வது வாரத்தில் ஒரு நாள் தலைவலி வந்தது. பிரஷர் 136/86. என் மனதில் பழைய 30-வது வாரம் அப்படியே திரும்பி வந்தது. இந்த முறை ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், எஸ்.எஃப்.எல்.டி.-1-க்கும் நஞ்சுக்கொடியின் நல்ல வளர்ச்சிக் காரணியான பி.எல்.ஜி.எஃப்-க்கும் உள்ள விகிதம். அது 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா வர வாய்ப்பு மிகக் குறைவு. 2016-ல் வந்த ஆய்வு அந்த எண்ணை நிலைநாட்டியது. எனக்கு அது மிகக் கீழே இருந்தது. தலைவலி தூக்கமின்மையால் வந்தது. முதல் முறை நஞ்சுக்கொடி என் ரத்தத்தில் எழுதியதை யாரும் படிக்கவில்லை. இந்த முறை படித்தார்கள், நல்ல செய்தியாக இருந்தது.

38-வது வாரத்தில் மகன் பிறந்தான், 2,900 கிராம். நஞ்சுக்கொடியைப் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். நர்ஸ் ஒரு தட்டில் வைத்துக் கொண்டு வந்தார். கருப்பையை ஒட்டியிருந்த பக்கம் அடர்ந்த சிவப்பில், மேடு மேடாக. அவர் அதைப் புரட்டினார். குழந்தையின் பக்கம் பளபளவென்று, நடுவில் தொப்புள்கொடி, அதிலிருந்து நாலாபுறமும் ஆலமரத்து வேர் மாதிரி ரத்தக்குழாய்கள். 490 கிராம். அதைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது.

குழந்தையின் செல்கள் தாயின் உடலில் தங்கிவிடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள். இதற்கு மைக்ரோகைமரிசம் என்று பெயர். உதிர்ந்த டி.என்.ஏ. ஓரிரு நாளில் போய்விடும், ஆனால் சில முழுச் செல்கள் போவதில்லை. 1996-ல் டயானா பியாஞ்சியின் குழு, மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஆண் செல்களைக் கண்டது. 2012-ல், இறந்த 59 பெண்களின் மூளைகளைப் பரிசோதித்ததில் 37 பேரிடம் ஆண் டி.என்.ஏ. இருந்தது. ஒய் குரோமோசோமைத் தேடுவது எளிது என்பதால்தான் பெரும்பாலான ஆய்வுகள் மகன்களைப் பற்றி இருக்கின்றன. மகள்களின் செல்களும் அதே மாதிரி வந்து தங்குகின்றன. முழுமையடையாத கர்ப்பத்திலும் செல்கள் கடந்து வருகின்றன. தாயின் செல்களும் குழந்தைக்குள் போகின்றன.

‘குழந்தையின் செல்கள் அம்மாவின் இதயத்தைச் சரிசெய்யும்’ என்று சுற்றி வரும் செய்தியை எனக்கும் பலர் அனுப்பியிருக்கிறார்கள். காயப்பட்ட எலி இதயத்தில் கருவின் செல்கள் போய்ச் சேர்ந்து இதயச் செல்களாக மாறியதைக் கண்டிருக்கிறார்கள், அது உண்மை. மனிதர்களில் அப்படி நோய் குணமாகிறது என்று நிரூபணமாகவில்லை. ஸ்கிளிரோடெர்மா என்ற, தோல் இறுகும் நோயுள்ள பெண்களிடம் இந்தச் செல்கள் அதிகமாக இருப்பதை 1998-ல் கண்டார்கள், அதுவும் உண்மை. நன்மை தீமை இரண்டிலும் ஆராய்ச்சி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அதுவே போதும். என் இரண்டு பிள்ளைகளின் செல்கள் எனக்குள் எங்கோ இருக்கக்கூடும் என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது. அவை எனக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை.

கடைசியாக, பிரசவத்துக்குப் பிறகு. நஞ்சுக்கொடி வெளியே வந்தால் நோய் முடிந்தது என்று எங்களிடமும் சொன்னார்கள். முதல் பிரசவத்துக்குப் பிறகு ஐந்தாம் நாள், வீட்டில், என் பிரஷர் 162/100. மறுபடி மாத்திரை, மறுபடி இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிரசவமாகி ஆறு வாரம் வரை இது வரலாம், கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவர்களுக்கும் வரலாம். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் தாயின் தலைவலியைத் தூக்கமின்மை என்று சொல்லிவிடுவார்கள். அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ப்ரீ-எக்லாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. எனவே வருடத்துக்கு ஒரு முறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் பார்க்கிறேன். புதிதாக எந்த டாக்டரிடம் போனாலும், பல்லுக்குப் போனாலும் கூட, ‘முதல் கர்ப்பத்தில் ப்ரீ-எக்லாம்ப்சியா இருந்தது’ என்று நானே சொல்லிவிடுகிறேன், அவர்கள் கேட்பதில்லை. பழைய பிரஷர் கருவி இன்னும் அலமாரியில் இருக்கிறது. மகளுக்கு இப்போது ஏழு வயது. மாதத்தில் ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, “பேசக்கூடாதும்மா” என்று சொல்லி, பட்டனை அழுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள். போன வாரம் 118/76.